கீழே எழுத்து ஓடும் படம்

எங்கள் குடும்பத்தில் காசு கொடுத்துப் படம் வாங்கியவர் சித்தப்பா ஒருவர்தான். மற்றவர்களும் படம் பார்த்தார்கள். ஆனால் அதற்குக் காசு கொடுக்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றியதில்லை. தாராவியில் எங்கள் சந்துக்குள் ஒரு டிஸ்க் நுழைந்துவிட்டால் வீடு வீடாகச் சுற்றி, உடம்பெல்லாம் கீறல் விழுந்து, யார் கொண்டுவந்தது என்றே தெரியாமல் எங்காவது ஒரு டிவிக்கு அடியில் தங்கிவிடும். சயான் ஸ்டேஷன் வாசலில் பிளாஸ்டிக் விரிப்பில் பரப்பி வைத்திருப்பார்கள். தியேட்டரில் ஒளிந்திருந்து எடுத்த படங்கள். திரை ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். நடுவில் ஓர் ஆள் எழுந்து போவார், அவர் தலை கதாநாயகியின் முகத்தை மறைக்கும். யாரோ இருமுவார். அந்த இருமலும் கதையில் வருவதுதான் என்று நான் வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

சித்தப்பா அப்பாவுக்கு ஒரே தம்பி. தேவ்நார் பக்கம் ஒரு கம்பெனியில் ஸ்டோர் கீப்பராக இருந்தார். கல்யாணத்துக்குப் பிறகு தாராவியை விட்டுச் செம்பூரில் ஒரு அறையும் சமையலறையும் உள்ள வீட்டுக்குப் போயிருந்தார். அவரைப் போல ஒரு கஞ்சனை நான் இன்றுவரை பார்த்ததில்லை. செம்பூர் ஸ்டேஷனில் இறங்கி எல்லோரும் ஷேர் ரிக்‌ஷாவுக்கு வரிசையில் நிற்பார்கள், அவர் மட்டும் வேட்டைக்குப் போகிறவர் மாதிரி வேகமாக நடந்து போவார். பற்பசை ட்யூப் காலியானதும் கத்தரிக்கோலால் நெடுக வெட்டித் திறந்து, உள்ளே ஒட்டியிருப்பதை இன்னும் சில நாள் வழித்துத் தேய்ப்பார். அப்படிப்பட்டவருடைய கண்ணாடி அலமாரியில்தான் ஒரிஜினல் டிவிடிகள் புத்தகம் போல வரிசையாக நின்றன. ஒவ்வொன்றும் பிளாஸ்டிக் உறை பிரித்தது, மினுங்கும் முத்திரை ஒட்டியது. நடைபாதையில் ஒரு பை நிறைய அள்ளக்கூடிய விலையை ஒரே படத்துக்குக் கொடுத்து வாங்கியவை.

இப்போது மாதாமாதம் என் கணக்கிலிருந்து படங்களுக்கென்று பணம் தானாகப் போய்க்கொண்டிருக்கிறது. பாதிப் படங்களை நான் பார்ப்பதுகூட இல்லை. பணம் போன செய்தி கைபேசியில் வரும்போதெல்லாம் எனக்குச் சித்தப்பாவின் அலமாரிதான் ஞாபகத்துக்கு வருகிறது. அதிலிருந்த ஒவ்வொரு படத்தையும் அவர் மனப்பாடம் ஆகும்வரை போட்டுப் பார்ப்பார்.

அந்த அலமாரியைப் பற்றி எங்கள் வீட்டில் பல கருத்துகள் நிலவின. வீடு மாறியதும் தம்பிக்குப் புத்தியும் மாறிவிட்டது என்பது அப்பாவின் கருத்து. எல்லாம் சித்தி சொல்லிக்கொடுப்பது என்பது அம்மாவின் கருத்து. சித்தி சீத்தா கேம்ப் குடிசைப் பகுதியில் வளர்ந்தவள். அவள் பிறந்த வீட்டாரும் எங்களைப் போலத் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்கள்தான். ஆனால் அவள் காலேஜ் முடித்து ஓர் ஆபீசில் கணக்கு எழுதினாள், இங்கிலீஷ் பேப்பரைக் கடகடவென்று வாசிப்பாள். சித்தப்பா வீட்டில் படம் போட்டால் திரையின் அடியில் பேச்செல்லாம் இங்கிலீஷில் எழுத்தாக ஓடும். தமிழ்ப் படத்துக்கு இங்கிலீஷ் எழுத்து. இதைவிடப் பெரிய பீற்றல் இருக்க முடியுமா என்று அப்பா கேட்பார். எனக்கு மட்டும் அந்த அலமாரி பிடிக்கும். புதிய டப்பாவைத் திறந்தால் ஒரு வாசனை வரும். சித்தப்பா டிஸ்க்கை விளிம்பில் விரல் வைத்துப் பிடிக்கும் விதம், பிறந்த குழந்தையைத் தூக்குவது மாதிரி இருக்கும்.

அந்த வயதில் எனக்கு ஆசை படத்தின் மேல் இல்லை, டிவி கேம் மேல். எங்கள் சந்து முனையில் ஒரு ஷட்டர் கடையில் பழைய டிவிகளை வரிசையாக வைத்து, காசு கொடுத்தால் விளையாட விடுவார்கள். உள்ளே பையன்கள் மட்டும்தான் போகலாம் என்று எந்தச் சட்டமும் இல்லை, ஆனால் பெண்பிள்ளைகள் யாரும் போனதில்லை. நான் வாசலில் நின்று பார்ப்பேன். ஒரு குட்டி மனிதன் பள்ளத்தைத் தாண்டித் தாண்டி ஓடுவான். அவன் விழும் ஒவ்வொரு தடவையும், நானாக இருந்தால் தாண்டியிருப்பேன் என்று கை பரபரக்கும். பரீட்சையில் நல்ல மார்க் வாங்கினால் வீட்டுக்கே ஒன்று வாங்கித் தருவதாக அப்பா சொல்லியிருந்தார். அப்பா பை தைக்கும் ஒர்க்‌ஷாப்பில் ரெக்ஸின் வெட்டுபவர். சொன்னதைச் செய்வார், கொஞ்சம் தாமதமாக.

அந்த வருஷப் பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா வீட்டில் எல்லோருக்கும் சாப்பாடு. அப்பா சும்மா வரவில்லை. அப்போதுதான் வெளிவந்திருந்த ஒரு படத்தைச் சயான் நடைபாதையில் வாங்கி, சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்திருந்தார். தம்பி வீட்டில் எல்லோரையும் உட்காரவைத்துப் புதுப்படம் காட்டப்போகிற சந்தோஷம் வழி முழுக்க அவர் முகத்தில் இருந்தது. சித்தப்பா கடைக்குப் போயிருந்த நேரத்தில் அவரே டிஸ்க்கைப் போட்டுவிட்டார். சித்தி சமையலறையில் வடை சுட்டுக்கொண்டிருந்தாள். படம் ஆரம்பித்தது. சாய்ந்த திரை, ஓர் இருமல், கைதட்டல்.

சித்தப்பா உள்ளே வந்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றார். பிறகு, இதை நிறுத்திவிட்டு நம்மிடம் இருப்பதில் ஒன்றைப் போடலாமே என்று மெதுவாகச் சொன்னார். இது புதுப்படம் என்றார் அப்பா. இருக்கட்டும், இதில் எழுத்து வராது என்றார் சித்தப்பா. அப்பா முதலில் சிரித்தார். அவர் கேலி செய்வதாகத்தான் நினைத்தார். சித்தப்பா போய் டிவியை அணைத்ததும்தான் அப்பாவின் முகம் மாறியது.

"ஏல, தமிழ்ப் படம் பாக்கதுக்கு ஒனக்கு எதுக்குல இங்கிலீசு எழுத்து? நீ என்ன லண்டன்லயா பொறந்த?"

"எனக்கு இந்த டிஸ்க் பிடிக்கல ண்ணே. என் வீட்டுல ஓட வேண்டாம். அவ்வளவுதான்."

என் வீடு என்ற சொல்தான் அப்பாவைச் சுட்டது என்று பிற்பாடு அம்மா சொல்வாள். ஊரிலிருந்து கூட்டிவந்து, ஒரே பாயில் படுக்கவைத்து, ஒர்க்‌ஷாப் கூலியில் படிக்கவைத்த தம்பி. அப்பா எழுந்து நின்று பேச ஆரம்பித்தார். பழைய கதைகள் எல்லாம் வந்தன. நடைபாதை டிஸ்க் பார்க்கிற ஜனங்கள் இவன் வீட்டுப் படியை மிதிக்கலாமா கூடாதா என்று கேட்டார். குரல் கட்டடம் முழுக்கக் கேட்டிருக்கும். எதிர்வீட்டு மராத்திக்காரம்மா கதவைத் திறந்து பார்த்தாள். சித்தப்பா தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்துச் சித்தி தட்டு நிறைய வடையோடு சமையலறையிலிருந்து வந்தாள். முகம் நிறையச் சிரிப்பு. அணைந்திருந்த டிவியைப் பார்த்தாள், நின்றுகொண்டிருந்த அப்பாவைப் பார்த்தாள். "என்ன அத்தான், படம் அதுக்குள்ள முடிஞ்சிட்டா?" என்று கேட்டாள்.

அப்பா செருப்பை மாட்டினார். என் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கிவிட்டார். அம்மா பின்னால் ஓடிவந்தாள். நாங்கள் சாப்பிடாமலே தாராவிக்குத் திரும்பினோம். கொளுத்துகிற சண்டைக்கு நடுவில் வந்து சிரித்துக்கொண்டு கேலி பேசுகிறாள் என்றால் அவளுக்கு எவ்வளவு ஏத்தம் என்று வழி முழுக்க அம்மா ஆறவில்லை. எனக்கும் அப்படித்தான் பட்டது. அந்த வடைகளில் ஒன்றையாவது எடுத்திருக்கலாம் என்றும் பட்டது.

அதன் பிறகு போக்குவரத்து நின்றுபோனது. சித்தப்பா இரண்டு தடவை ஒர்க்‌ஷாப்புக்கே வந்து பார்த்தாராம். அப்பா ரெக்ஸினிலிருந்து தலையைத் தூக்கவில்லையாம்.

என் பரீட்சை முடிந்த சமயம், ஒரு மத்தியானம் சித்தி தனியாக எங்கள் வீட்டுக்கு வந்தாள். ஆபீஸுக்கு லீவு போட்டிருந்தாள். அம்மா முதலில் வா என்றுகூடச் சரியாகச் சொல்லவில்லை. என்னை வெளியே போய் விளையாடச் சொன்னார்கள். நான் திரும்பி வந்தபோது அம்மா சித்தியின் முகத்துக்கு நேராக, முழங்காலோடு முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தாள். அம்மா வழக்கமாக முறத்தில் புடைக்கிற வேகத்தில் பேசுகிறவள். அன்றைக்கு ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி நிறுத்திப் பேசினாள். இருவர் கண்ணும் சிவந்திருந்தது. சித்தி போகும்போது அம்மா அவள் தலையில் பூ வைத்து அனுப்பினாள்.

சித்தி அன்று சொன்னது எனக்குத் தெரியவந்தது வெகு காலம் கழித்து. கல்யாணமான மறு வருஷத்திலிருந்தே அவளுக்குக் காது மங்கிக்கொண்டு வந்திருக்கிறது. முதலில் ஒரு காது, பிறகு மற்றதும். எதிரே நின்று பேசினால் உதட்டைப் பார்த்துச் சமாளித்துவிடுவாள். அடுத்த அறையில் இடி விழுந்தாலும் தெரியாது. ஆஸ்பத்திரியில் மெஷின் வைக்கச் சொன்னார்கள். மெஷின் வைத்தால் எல்லோருக்கும் தெரிந்துவிடும். ஆபீசில் வேலை போய்விடுமோ என்ற பயம் ஒன்று. அதைவிடப் பெரிய பயம் எங்கள் ஆட்களைப் பற்றியது. அவளுக்கு அதுவரை குழந்தை இல்லை. அதற்கே சாடையாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். காதும் கேட்காது என்று தெரிந்தால் அவனுக்கு வேறு பெண் பாருங்கள் என்று சொல்ல ஆள் இருந்தது. அதனால் யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்று சித்தப்பாவிடம் சத்தியம் வாங்கியிருந்தாள்.

எழுத்து ஓடுகிற விஷயம் தற்செயலாகக் கிடைத்ததாம். கம்பெனியில் யாரோ தீபாவளிக்கு ஓர் ஒரிஜினல் டிவிடியைப் பரிசாகக் கொடுத்திருக்கிறார்கள். போட்டுப் பார்க்கும்போது ரிமோட்டில் எதையோ அழுத்தப் போய் அடியில் எழுத்து வந்திருக்கிறது. அதுவரை சுவரைப் பார்ப்பது மாதிரி டிவியைப் பார்த்துக்கொண்டிருந்த சித்தி, ஏதோ ஓர் இடத்தில் வாய்விட்டுச் சிரித்திருக்கிறாள். மறுநாளே சித்தப்பா மாட்டுங்கா கடைக்குப் போய் இன்னொன்று வாங்கிவந்தார். நடைபாதை டிஸ்க்கில் அந்த எழுத்து இருக்காது. அதனால் அதைத் தொடவே மாட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரே ஒரு வரியைச் சொல்லியிருந்தால் சண்டை அங்கேயே முடிந்திருக்கும். சித்தப்பா சொல்லவில்லை. தூக்கி வளர்த்த அண்ணன் தன்னைப் பெருமைபிடித்தவன் என்று நினைத்தாலும் நினைத்துவிட்டுப் போகட்டும் என்று இருந்துவிட்டார். அவர் கஞ்சத்தனம் உண்மையானது, அதில் மாற்றமில்லை. சித்தியின் சிரிப்பு என்று வந்தபோது மட்டும் அவர் விலை கேட்டதில்லை.

அன்று சாயங்காலம் அம்மா அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். எனக்கு ஞாபகமிருப்பது இவ்வளவுதான்: அப்பா குழாயடிக்குப் போய் வெகுநேரம் முகம் கழுவினார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில், மாட்டுங்காவுக்குப் போகலாம் வா என்று என்னைக் கூப்பிட்டார். என் மார்க் ஷீட் வந்திருந்தது. மார்க்கும் நன்றாக இருந்தது. ஆகவே எதற்குப் போகிறோம் என்று நான் கேட்கவே இல்லை. தலை சீவிப் பவுடர் போட்டுக்கொண்டு கிளம்பினேன். ரயில் பாலத்தில் ஏறி இறங்கும்போதே என் கட்டைவிரல்கள் காற்றில் பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தன.

அந்தக் கடையின் முன்பக்கத்தில் அப்பளம், காப்பிப்பொடி, பஞ்சாங்கம். உள்ளே ஒரு பக்கம் முழுக்கத் தமிழ்ப் பட டிவிடிகள். கல்லாவுக்குப் பின்னால், கண்ணாடிக்குள், சிவப்புப் பெட்டியில் டிவி கேம். நான் அதன் முன்னால் போய் நின்றுகொண்டேன். அப்பா அந்தப் பக்கம் திரும்பவில்லை. கடைக்காரரிடம், கொஞ்சம் கூச்சத்தோடு, கீழே எழுத்து ஓடுமே, அந்த மாதிரிப் படம் வேண்டும் என்றார்.

கடைக்காரர் மெலிந்த, பொறுமையான மனிதர். எந்தப் படம் சார் என்று கேட்டார்.

"எந்தப் படம்னாலும் சரிதான். எழுத்து நல்லா பெருசா வரணும். சிரிப்புப் படமா இருந்தா நல்லது."

இப்படிக் கேட்டுப் படம் வாங்க வந்தவரைக் கடைக்காரர் அதற்கு முன் பார்த்திருக்க மாட்டார். நாலைந்து டப்பாக்களை எடுத்து வைத்தார். அப்பாவுக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது. பின்பக்கத்தில் எழுத்து உண்டு என்று போட்டிருக்கிறதா என்று என்னை வாசித்துப் பார்க்கச் சொன்னார். பொடி எழுத்து. நான் எழுத்துக்கூட்டி வாசித்து, இருக்கிறது என்றேன். அப்பாவுக்கு அது போதவில்லை. போட்டுக் காட்ட முடியுமா என்று கேட்டார். கடைக்காரர் கடையிலிருந்த சின்ன டிவியில் போட்டார். ஒரு மாமியார் மருமகனை வைது தள்ளுகிற காட்சி. அவள் மூச்சுவிடாமல் ஆடு, மாடு, அடுப்புச் சாம்பல் எல்லாவற்றையும் இழுத்து ஏசிக்கொண்டிருந்தாள். அடியில் நீ ஒரு முட்டாள் என்று மட்டும் வந்தது.

"ஏட்டி, அவ சொல்லுததும் எழுதியிருக்கதும் ஒண்ணுதானா?"

இல்லை என்றேன். அவள் நிறையச் சொல்கிறாள், இவர்கள் கொஞ்சம்தான் எழுதியிருக்கிறார்கள் என்றேன். அப்பா அதை ஒதுக்கி வைத்தார். இது ஏமாற்று வேலை என்றார். கடைக்காரர் சிரித்துக்கொண்டே அடுத்ததைப் போட்டார். இப்படி ஒவ்வொரு படத்திலும் கொஞ்சம் கொஞ்சம் ஓடவிட்டு, நான் வாசித்துச் சொல்ல, ரெக்ஸினில் கீறல் பார்க்கிற கவனத்தோடு அப்பா படம் பொறுக்கினார். வெயில் கண்ணாடியில் பட்டுத் திரை மங்கியபோது, துண்டை விரித்து மறைத்துப் பிடித்துக்கொண்டு, தனக்குப் புரியாத அந்த எழுத்துகளையே உற்றுப் பார்த்தார். ஒரு வழியாக மூன்று படங்கள் தேறின. பணத்தை எடுத்துக் கொடுத்தபோதுதான் அது எந்தப் பணம் என்று எனக்கு உறைத்தது. சிவப்புப் பெட்டி கண்ணாடிக்குள்ளேயே இருந்துவிட்டது.

பஸ் ஸ்டாப் வரைக்கும் நான் அழுதேன். அடுத்த தடவை கண்டிப்பாக வாங்குவோம் என்றார் அப்பா. இந்தப் படங்கள் எதற்கு என்று கேட்டேன். எழுத்தைப் பார்த்துப் பார்த்து வாசித்தால் உனக்கு இங்கிலீஷ் நன்றாக வரும் என்றார். அம்மாவைப் போலவே அவரும் அந்த ரகசியத்தைக் காப்பாற்றினார். ஆனால் என் டிவி கேமைப் பிடுங்கிக்கொண்டு அதற்குப் பதிலாக எனக்கு இங்கிலீஷ் பாடம் வாங்கியிருக்கிறார் என்று கேட்டபோது என் அழுகை இரண்டு மடங்கானது.

பஸ் செம்பூருக்குப் போனது. சித்தப்பாதான் கதவைத் திறந்தார். இரண்டு பேரும் வாசலில் நின்று ஒருவரையொருவர் பார்த்தார்கள். அப்பா பையை நீட்டினார்.

"எழுத்து இருக்குல. பாப்பா வாசிச்சுப் பாத்துட்டா."

சித்தப்பா பையைத் திறந்து பார்த்தார். அண்ணனுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்று அவருக்கு அந்த நிமிஷம் புரிந்திருக்க வேண்டும். டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர், கடைசியில் ஒட்டியிருந்த விலையைக் கண்டுபிடித்தார். "இந்த வெலைக்கா வாங்குனீங்க? கொறச்சுக் கேக்கலியா ண்ணே?" என்றார். கேட்கும்போதே குரல் உடைந்துவிட்டது. அப்பா அவர் தோளில் ஓர் அடி வைத்துவிட்டு உள்ளே போனார்.

சித்தி சமையலறை வாசலில் நின்றாள். அப்பா எப்போதும் அவளிடம் தரையைப் பார்த்துத்தான் பேசுவார். தம்பி பெண்டாட்டியிடம் காட்டுகிற மரியாதை அது. அன்று அவள் முகத்துக்கு எதிரே போய் நின்று, நிமிர்ந்து, பள்ளிக்கூடப் பிள்ளை பாடம் ஒப்பிப்பது மாதிரி, சாப்பிட்டாயா அம்மா என்று கேட்டார். சித்திக்குக் கண் நிறைந்துவிட்டது. சாப்பிட்டாயா என்று கேட்டதற்கு ஏன் அழ வேண்டும் என்று நான் நினைத்தேன்.

சாப்பாட்டுக்குப் பிறகு புதுப்படத்தைப் போட்டார்கள். நான் கோபத்தோடு அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். சித்தி திரைக்கு மிக அருகில் உட்கார்ந்து பார்த்தாள். சிறிது நேரத்தில் ஒரு விஷயத்தைக் கவனித்தேன். நடிகர் வசனத்தைப் பாதி பேசிக்கொண்டிருக்கும்போதே சித்தி சிரித்துவிடுகிறாள். அவர் சொல்லி முடித்து நாங்கள் சிரிக்க ஆரம்பிக்கும்போது அவள் சிரித்து முடித்திருக்கிறாள். ஒரு தடவை இல்லை, ஒவ்வொரு தடவையும். எழுத்து பேச்சுக்கு முந்தி வந்துவிடும் என்பது எனக்குத் தோன்றவில்லை. எனக்குத் தெரிந்த காரணம் ஒன்றுதான். ஆத்திரம் பொங்க அப்பாவின் காதில் போய், சித்தி இந்தப் படத்தை ஏற்கெனவே பார்த்துவிட்டாள், நம் காசெல்லாம் வீண், இப்போதே போனால் கடைக்காரர் மாற்றிக் கொடுப்பார் என்று சொன்னேன்.

அப்பா என்னைப் பார்க்கவில்லை. சித்தியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாத்துட்டுப் போறா. சிரிக்கால்லா" என்றார்.

அவர் முகத்தில் ஏமாந்துபோனவரின் வருத்தம் ஒரு துளியும் இல்லை. சித்தப்பாவைப் பார்த்தேன். பற்பசை ட்யூபை வெட்டுகிற அந்த மனிதரும் சுவரில் சாய்ந்து நிம்மதியாக உட்கார்ந்திருந்தார். எங்கள் குடும்பத்தில் காசின் அருமை தெரிந்த ஆள் நான் ஒருத்திதான் என்று அன்று முடிவு செய்துகொண்டேன்.